முன்பே அங்கிருந்தவர்களுக்கு நன்றி

நகர மையக் கடைவீதியைப் புதுப்பிக்கும் பணிக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கடைசி நடைபாதைக் கல்லையும் பதித்துவிட்டோம். ஓராண்டுக்கு மேலாக வழியை மறித்து நின்ற தகரத் தடுப்புகள் சென்ற வாரம் லாரியில் ஏறிப் போய்விட்டன. நன்கொடை தந்தவர்களுக்கும் மாநகராட்சிப் பொறியாளர்களுக்கும் திறப்பு விழா மேடையிலேயே நன்றி சொன்னோம். இங்கேயும் ஒருமுறை மனமாரச் சொல்கிறேன். ஆனால் அன்று மேடைக்கு வராதவர்கள் பலர். அழைத்தும், வேலையை விட்டு வர முடியாதவர்கள் அவர்களில் நிறையப் பேர். இந்த மடல் அவர்களுக்காக.

முதல் நன்றி, மூலையில் சாவி செய்யும் பெரியவருக்கு. நம் அமைப்பைத் தொடங்கியபோது அச்சிட்ட துண்டறிக்கையில், “செத்துப்போன நகர மையத்துக்கு உயிர் கொடுப்போம்” என்று நான் எழுதியிருந்தேன். அதை வாங்கிப் படித்த அவர், “நாங்கள் இங்கேதானே இருக்கிறோம்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அன்றிரவே அந்த வரியை எடுத்துவிட்டோம். அதன்பிறகு மூன்று ஆண்டுகளில் நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் திசை காட்டியது.

பெரிய நகரங்களின் மையப் பகுதி எப்படித் தளர்கிறது என்பது பலருக்கும் தெரிந்த கதை. கார்கள் பெருகின, குடியிருப்புகள் விளிம்புக்கு நகர்ந்தன, நிறுத்துமிடத்தோடு கூடிய பெரிய வணிக வளாகங்கள் அங்கேயே எழுந்தன. அலுவலகங்கள் அவற்றின் பின்னால் போயின. கடைவீதியில் முதலில் காலியாவது மாடிதான். கீழே கடை இருக்கும், மேலே சன்னல்கள் இருண்டு கிடக்கும். பிறகு கடைகளும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கும். ஆனாலும் எல்லோரும் போய்விடுவதில்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகும் விளக்கேற்றி உட்கார்ந்திருந்த தையல்காரர்கள், பூட்டிய கடைகளின் வாசலையும் சேர்த்துப் பெருக்கிய துப்புரவுப் பணியாளர்கள், கடைசிப் பேருந்தின் ஓட்டுநர்கள், கைக்குழந்தையோடு நிறுத்தத்தில் தனியாக நின்ற பெண்ணுக்குத் துணையாகத் தன் வண்டியை அருகே நகர்த்தி வைத்துக்கொண்ட நடைபாதை வியாபாரி அம்மா, இவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். ஒரு வீதி பத்திரமாக இருப்பதற்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கண்கள் வேண்டும் என்று நகர வாழ்வைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961ஆம் ஆண்டிலேயே வாதாடினார். நம் வீதிக்கு அந்தக் கண்களாக இருந்தவர்கள் நீங்கள். நாங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருந்தீர்கள்.

அடுத்து, கையில் குறிப்பேட்டோடு காலை முதல் இரவு வரை மூலைகளில் நின்று ஆட்களை எண்ணிய மாணவ மாணவிகளுக்கு. நியூயார்க்கில் வில்லியம் வைட் என்பவர் 1970களில் பொதுவெளிகளைப் படமெடுத்து, மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்று பொறுமையாகக் கவனித்தார். உட்கார இடம் இருக்கும் இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள் என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது. கேட்டால் எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் எத்தனையோ சதுக்கங்களைக் கட்டியவர்கள் அதை மறந்திருந்தார்கள். அந்த வழியில்தான் நீங்களும் எண்ணினீர்கள். உங்கள் குறிப்பேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, வீதிக்கு வருபவர்களில் பலர் பூட்டிய கடைகளின் படிகளிலும் பூச்செடித் தொட்டிகளின் விளிம்பிலும் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நாங்கள் வரைந்து வைத்திருந்ததோ நடுவில் ஒரு நீரூற்று. அதைக் கைவிட்டோம். அந்தப் பணம் பெஞ்சுகளாயிற்று. சாய்மானமும் கைப்பிடியும் உள்ள பெஞ்சுகள். கைப்பிடி அலங்காரத்துக்காக வைத்ததன்று, முழங்கால் வலியுள்ளவர் ஊன்றி எழுவதற்காக வைத்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லித் தந்தவர்கள் உங்கள் எண்ணிக்கையில் இடம்பெற்ற முதியவர்கள்.

அதே முதியவர்களில் சிலர், வாட்சைக் கையில் பிடித்துக்கொண்டு பிரதான சந்திப்பைக் கடந்து காட்டினார்கள். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்று வைத்துச் சிக்னல் நேரத்தைக் கணக்கிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. முதியவர்களுக்கு அது போதாது என்பதால்தான் அமெரிக்கா 2009இல் தன் வழிகாட்டு நெறியில் அந்த வேகத்தைச் சுமார் 1.07 மீட்டராகக் குறைத்தது. இதையெல்லாம் நாங்கள் மனுவில் எழுதியிருந்தோம். ஆனால் அதிகாரிகளின் மனத்தை மாற்றியது மனு அன்று. பாதி வழியில் விளக்கு மாறிவிட, நடுத்தீவில் நின்றுகொண்டு அவர்களைப் பார்த்துக் கையசைத்த எண்பது வயது அம்மாதான். அம்மா, இப்போது பச்சை விளக்கு உங்கள் நடைக்குக் காத்திருக்கிறது.

பார்வையற்ற நண்பர் ஒருவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். கால்களால் உணர்ந்து நடக்க உதவும் புடைப்புக் கற்களை ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே உருவாக்கினார். 1967இல் ஒக்கயாமா நகரில் அவை முதலில் பதிக்கப்பட்டன. நம் வரைபடத்திலும் அவை இருந்தன. வரைபடத்தை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, அந்தப் பாதை நேராக ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முட்டுவதை அவர்தான் கண்டுபிடித்தார். தாளைப் பார்த்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

இனி, கொத்தனார்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அவர்கள் செய்தது வெளியே தெரியாது. தெரியாமல் இருந்தால்தான் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். நம் கடைவீதியில் உள்ள பழைய கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டப்பட்டவை. பழைய செங்கல் மென்மையானது. சுண்ணாம்புச் சாந்து இருக்கும்வரை, சுவருக்குள் புகும் ஈரம் அந்தச் சாந்தின் வழியாகவே காய்ந்து வெளியேறிவிடும். அதே இடைவெளியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரத்துக்குப் போக்கிடமில்லை. அது செங்கல்லுக்குள் தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகத்தையே பொரியவைத்து உதிர்த்துவிடும். சாந்து தேய்ந்தால் மறுபடி பூசலாம், செங்கல் போனால் போனதுதான். முன்பு நடந்த பழுதுபார்ப்புகளில் சிமெண்ட் பூசியிருந்த இடங்களிலெல்லாம் சுவர் அப்படித்தான் தின்னப்பட்டிருந்தது. தலைமைக் கொத்தனார் இயந்திரத்தை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, அந்தச் சிமெண்டை உளியால் கொஞ்சங்கொஞ்சமாகக் கொத்தி எடுக்கவைத்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகத்தான் இறுகும், அவசரப்பட்டுக் காயவிட்டால் பொடிந்துவிடும். அதனால் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, நாள்தோறும் நனைத்தார்கள். பணி தாமதமாகிறது என்று எங்கள் கூட்டத்திலேயே குரல் எழுந்தபோது, “சுவருக்கு அவசரமில்லை ஐயா” என்று அவர் சொன்னார். அவரிடம் வேலை கற்ற இளைஞர்கள் இப்போது தாங்களாகவே சாந்து குழைக்கிறார்கள். அந்த மாடிகளில் குடும்பங்கள் குடிவந்துவிட்டன. இரவில் அங்கே விளக்கெரிகிறது. கீழே நின்று அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

எங்களை எதிர்த்தவர்களுக்கும் நன்றி. வீதியை வாகனங்களுக்கு முழுமையாக மூடிவிட வேண்டும் என்பது எங்கள் முதல் திட்டம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்ற கடைவீதி 1962இலும், பிரேசிலின் குரிச்சிபாவில் பிரதான கடைவீதி 1972இலும் நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாறியதையும், இரண்டும் வணிகர்களின் அச்சத்தைத் தாண்டி வெற்றி பெற்றதையும் எடுத்துச் சொன்னோம். வணிகர் ஒருவர் எழுந்து, வெற்றி பெறாதவற்றையும் சொல்லுங்கள் என்றார். அவர் கேட்டது நியாயம். அமெரிக்காவில் இப்படி மூடப்பட்ட வீதிகள் பல பின்னர் வெறிச்சோடிப்போய், மறுபடி வாகனங்களுக்குத் திறக்கப்பட்டன. 1959இல் அந்த நாட்டில் முதலில் மூடப்பட்ட கலமாசூ நகர வீதியிலேயே ஒரு பகுதி பிறகு திறக்கப்பட்டது. சரக்கு எப்போது இறங்கும், மாலையில் எத்தனை மணிக்குக் கூட்டம் சேரும், எந்த நாளில் ஆளே வருவதில்லை என்பதெல்லாம் அந்த வணிகருக்கு விரல்நுனியில் இருந்தது. காலையில் சரக்கு வண்டிகளுக்கு என்றும், மாலையிலும் விடுமுறை நாள்களிலும் நடப்பவர்களுக்கு மட்டும் என்றும் இப்போது இருக்கும் ஏற்பாடு அவர் போட்டுத் தந்த அட்டவணைதான். தோண்டிய பள்ளத்துக்கு மேல் பலகை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வியாபாரம் செய்தவர்களும், அந்தப் பலகையில் நடந்து வந்த வாடிக்கையாளர்களும் எத்தனை பெரிய உதவி செய்தார்கள் என்பதை நான் அளந்து சொல்ல முடியாது.

ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். வீதி அழகானால் வாடகை ஏறும். ஏறினால், இருண்ட நாள்களில் அதைத் தாங்கிப் பிடித்தவர்களே முதலில் வெளியேற நேரும். இதைத் தடுக்க, ஐந்தாண்டுகளுக்கு வாடகையை உயர்த்துவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட கட்டட உரிமையாளர்களுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். இலவசமாக அந்த ஒப்பந்தத்தை எழுதித் தந்த வழக்கறிஞருக்கும் அப்படியே. ஆனால் அது கையொப்பமாகும் முன்பே பழைய புத்தகக் கடை போய்விட்டது. அந்த ஒப்பந்தத்தைத்தான் நாங்கள் முதலில் செய்திருக்க வேண்டும். வேறு நகரங்களில் இந்தப் பணியைத் தொடங்குபவர்கள் கல்லுக்கும் விளக்குக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகக் கடைக்காரருக்கு: உங்களுக்கு ஏற்ற இடம் ஒன்றை அதே வீதியில் தேடிக்கொண்டிருக்கிறோம், விடமாட்டோம்.

வேலை இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. நடைபாதையில் நட்ட மரக்கன்றுகள் வேர்பிடித்துத் தாமாக நிற்க இரண்டு மூன்று ஆண்டுகளாவது வேண்டும். அதுவரை வெயில் காலத்தில் யாராவது தண்ணீர் ஊற்றியாக வேண்டும். கடந்த ஆண்டு முறைவைத்து ஊற்றிய வீட்டுக்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஒரு கன்றும் பட்டுப்போகவில்லை. இந்த ஆண்டு முறைக்குப் பெயர் தர விரும்புபவர்கள் மூலைக்குப் போனால் போதும். அட்டவணை அங்கே தொங்குகிறது, குழாயின் சாவியும் சாவி செய்யும் பெரியவரிடம்தான் இருக்கிறது.

அன்புடனும் நன்றியுடனும்,
நம் அமைப்பின் சார்பில், ஒருங்கிணைப்பாளர்