ஏலத்தில் போலிப் பித்தளை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜோர்ஜ்டவுனில் அண்மையில் நடந்த பழம்பொருள் ஏலமொன்றில், 'கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917' என்று பொறித்த பித்தளை செக்ஸ்டன்ட்டுக்கு, அதாவது கடலில் கப்பலின் இடமறியக் கோணம் அளக்கும் கருவிக்கு, போட்டி போட்டு விலை ஏற்றினார்கள். அந்தப் பெயரில் நிறுவனம் அமைந்ததே 1947இல்தான்! அதன் வில் வடிவ அளவுகோலிலுள்ள பாகைக் கோடுகள்கூட ஒரே சீராக இல்லை; கண்ணாடியைத் திருகிச் சரிசெய்ய வழியும் காணோம். மேசை அலங்காரத்துக்குச் சரி, அந்த விலைக்கா?

பழைய வரைபடம் வாங்குவோரும் தடவிப் பாருங்கள். செப்புத்தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்டதென்றால், ஓரத்தை வெட்டாதவரை, தகடு அழுந்திய தடம் விரலுக்குத் தட்டுப்படும்.

நகல் என்றால் நகல் என்று பட்டியலிலேயே போடட்டும். அப்புறம் அந்தக் கமிஷன்! ஏல விலைக்கு மேல் வாங்குபவர் தலையில் விழுவதைப் பணம் கட்டும்போதா சொல்வது?

வாசகர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு