வேலுவுக்கு ஒரு கடிதம்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள வேலு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ரோட்ரிக்ஸ் தீவிலிருந்து நீ அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வந்து ஐந்து மாதம் ஆகிறது, பாட்டிலும் காலி. நான் ஒரு வரி எழுதவில்லை. தப்புதான். நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன், நாள் ஓடிவிட்டது.

இப்போது சேதி இருக்கிறது. போன திங்கட்கிழமை எபேனில் ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டேன். கம்ப்ளையன்ஸ் பிரிவு. சந்தேகப்படும்படியான பணப் பரிமாற்றங்களைத் தோண்டிப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை.

"யாருடைய பேக்கிங், யார் சிபாரிசு?" என்றுதானே கேட்கிறாய்? நம் தீவில் எல்லாரும் கேட்கும் கேள்விதான். அதனால்தான் நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

நம் எஸ்எம்எஃப் படையை (ஸ்பெஷல் மொபைல் ஃபோர்ஸ்) விட்டு வந்ததும் 14 இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். இரண்டு பதில் வந்தது. ஓர் இடத்தில் என் கோப்பைப் பாதியிலேயே மூடிவிட்டு, "பன்னிரண்டு வருஷம் துப்பாக்கி பிடித்தவருக்கு வாசலில் காவல் வேலை தரலாம்" என்றார்கள். காவல் வேலை கேவலமில்லை. ஆனால் மீதிப் பக்கங்களைப் புரட்டக்கூட அவர்களுக்கு மனமில்லையே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள்தான் மாயேபூர் அக்கா நினைவுக்கு வந்தார். 2020 ஆகஸ்டில், நம் கடலில் தரை தட்டிய வாக்காஷியோ கப்பலின் எண்ணெய் கரைக்கு வந்தபோது, கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து மிதவை தைத்த கூட்டத்தில் இருந்தாரே, அவர்தான். நீ லாரியில் தூங்கிய அன்று எழுப்பிவிட்டவரும் அவரே. அவர் வங்கியில் இருக்கிறார் என்று அப்போது நமக்குத் தெரியாது. நம்பரைத் தேடிப் பிடித்துத் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டேன். "கையில் நோட்டு வைத்துக்கொண்டு எத்தனை மிதவை, எந்த லாரி, எத்தனை மணி என்று எழுதிக்கொண்டே இருந்தவர்தானே?" என்று கேட்டார். வேலு, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான் செய்த வேலையை ஒருவர் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார்!

எபேனில் ஒரு காப்பிக் கடையில் சந்தித்தோம். அவர் சொன்னது இவ்வளவுதான். வேலை கேட்காதே, இருபது நிமிஷம் கேள். காலையில் வந்ததும் முதலில் எதைத் திறக்கிறீர்கள், எது தலைவலி தருகிறது என்று கேள். கிளம்பும்போது இன்னும் யாரைப் பார்க்கலாம் என்று கேள். அன்று இரவே நன்றி எழுது. அப்புறம் இரண்டு பேரின் நம்பர் கொடுத்தார். அந்த இரண்டு பேர் நான்கு பேரைக் காட்டினார்கள். கோவிலில் அப்பாவோடு அன்னதானம் பரிமாறிய பெரியவர் ஒருவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நான்கு மாதத்தில் பதினொரு பேரைப் பார்த்தேன்.

அவர்கள் சொல்லித்தான் பல விஷயம் புரிந்தது. 2020 பிப்ரவரியில், கறுப்புப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் நம் நாட்டைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில், வைத்தது, 2021 அக்டோபரில் வெளியே வந்தோம். செய்தியில் கேட்டிருப்போம், நமக்கென்ன என்று விட்டிருப்போம். அந்தப் பட்டியல் வந்தபிறகு இந்தப் பிரிவில் வேலை எவ்வளவு கூடியது என்று உள்ளே இருப்பவர்கள் சொன்னால்தான் தெரிகிறது. கம்பெனிக்குப் பின்னால் கம்பெனி, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் பணம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒருவர் விளக்கினார். "எங்கள் படையின் வாக்குவா முகாம் வாசலில் டிரைவர் பெயரோடு நாங்கள் நிறுத்த மாட்டோம் சார். லாரி யாருடையது, சரக்கை யார் அனுப்பினார், யாருக்குப் போகிறது, எல்லாம் எழுதுவோம்" என்றேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்துவிட்டார். "இதை அப்படியே இண்டர்வியூவில் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். மூன்று சுற்று இண்டர்வியூ, ஓர் எழுத்துத் தேர்வு. பதினொரு பேரில் ஒருவர்கூட எனக்காக யாருக்கும் போன் போடவில்லை.

இது பேக்கிங் இல்லை, வேலு. பேக்கிங் என்றால் தகுதி இல்லாதவனை உள்ளே தள்ளுவது. இங்கே எனக்குக் கிடைத்தது, என் தகுதியை அவர்கள் பாஷையில் சொல்லத் தெரிந்தது.

1998-ல் புது ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது அப்பா தெருவில் நின்றார். அந்த நோட்டைத் திரும்பப் பெறும்வரை ஓயவில்லை. ஆனாலும் வங்கி நமக்கான இடம் இல்லை என்றே கடைசிவரை நினைத்தார். முதல் நாள் பயிற்சியில் நூறு ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் நம் தமிழர், அமைச்சராக இருந்த ரங்கநாதன் சீனிவாசன் முகம். அப்பா இருந்திருக்கலாம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு இன்னும் எட்டு மாதம் சர்வீஸ். போன கடிதத்தில் மூன்று இடத்தில் "பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய், எண்ணிப் பார்த்தேன். காவடி வரிசையில் காலை மிதித்தவனிடம்கூட நகரச் சொல்லாத ஆள் நீ. அதுதான் எனக்குப் பயம். அமெரிக்காவில் 2011-ல் ஜேபிமோர்கன் சேஸ் வங்கி வேறு சில நிறுவனங்களோடு சேர்ந்து 1,00,000 முன்னாள் வீரர்களை வேலைக்கு எடுப்போம் என்று அறிவித்தது. இங்கே அப்படி யாரும் வந்து கதவைத் தட்டவில்லை, நாம்தான் தட்ட வேண்டும். அதையும் சீருடையில் இருக்கும்போதே தொடங்கு. நான் வெளியே வந்தபிறகு தொடங்கினேன், முதல் சில சந்திப்புகளில் குரலிலேயே அவசரம் தெரிந்துவிட்டது. கையில் வேலை இருக்கும்போது கேட்டால் நிதானமாகக் கேட்கலாம்.

ரோட்ரிக்ஸில், போர்ட் மாத்துரினில் புயல் கால ஸ்டோர் முழுவதும் உன் பொறுப்பில் இருக்கிறது. ஒரு தார்ப்பாய்கூடக் கணக்கில் தவறியதில்லை. அதை "ஸ்டோர் பார்த்தேன்" என்று ஒரே வரியில் எழுதி வைக்காதே. எத்தனை பொருள், எத்தனை பேர், எத்தனை மணி நேரத்தில் கிராமங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று எழுதி எனக்கு அனுப்பு.

மாயேபூர் அக்காவிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். "லாரியில் தூங்கினவரா?" என்றார். ஆமாம் என்றேன். நீ அடுத்த மாதம் லீவில் வரும்போது இருபது நிமிஷம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தேதி விமானம் என்று உடனே எழுது. அம்மா ஊறுகாயும் கேட்கிறாள்.

உன்,
சுப்பிரமணி