இழுவைமடியில் போவது மீன் மட்டும் இல்லை

ஆசிரியருக்கு,

உங்கள் சிறுவர் பக்கத்தில் ஐரோப்பியக் கடற்கரைகளில் ஒதுங்கும் திருக்கை முட்டைப் பைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கறுப்பாக, நாலு மூலையிலும் கொம்பு வைத்த அந்தப் பையின் படம் நன்றாகவே இருந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இலங்கையின் வடக்கே நாச்சிக்குடாவிலோ நாயாற்றிலோ ஒரு பிள்ளை கரையில் தேடிப் போனால் கிடைக்கப் போவதில்லை. நம் வலைகளில் வழக்கமாக விழும் திருக்கைகள் குட்டி போடுபவை, சினைத் திருக்கையை வெட்டிய எந்த வீட்டிலும் இது தெரியும். இந்தப் பக்கத்துக் கடலில் அப்படிப் பையில் முட்டையிடுவது அடியில் கிடக்கும் சில சுறா வகைகள்தான். சரி, அது இருக்கட்டும். நம் கடலில் இருக்கும் முட்டைக் கூடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லையே என்பதுதான் என் குறை, ஏனென்றால் நமக்கு அது பொழுதுபோக்குச் சங்கதி இல்லை, சோறு.

சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ச் சங்கு மணலில் ஒரு முனையைப் புதைத்து, ஆட்டுக்கடாவின் கொம்பு போல முறுக்கிய ஒரு கூட்டைக் கட்டிவிட்டுப் போகிறது. உள்ளே அடுக்கடுக்காக அறைகள், ஒவ்வொன்றிலும் நிறைய முட்டைகள், ஆனால் வெளியே வருவது அதில் கொஞ்சம்தான், பலமானது மெலிந்ததைத் தின்றே வளர்கிறது. பல கடல் உயிர்களின் குஞ்சுகள் நீரோட்டத்தோடு எங்கெங்கோ மிதந்து போய்ப் பரவும். சங்குக்கு அந்த வசதி கிடையாது. ஓட்டோடு கூடிய குட்டிச் சங்காகவே கூட்டை விட்டு வெளியே வந்து, அந்த மணலிலேயே ஊர்ந்து, புழுக்களைத் தின்று, அங்கேயே பெரிதாகிறது. அதனால் ஒரு பக்கத்துச் சங்கு அழிந்தால் பக்கத்துக் கடலிலிருந்து மிதந்து வந்து இடத்தை நிரப்ப எதுவும் இல்லை. அந்த மணலில் நட்டிருக்கும் கூடுகள்தான் அந்த இடத்துக்கு எல்லாமே.

இப்போது அதே மணலை இழுவைமடி, அதாவது படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகும் வலை, அரித்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். இந்தியாவிலிருந்து வரும் இழுவைப் படகுகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வாராவாரம் செய்தி வருகிறது, எத்தனை படகு பிடிபட்டது, யாருடைய வலை அறுந்தது, எவ்வளவு நட்டம். எல்லாம் சரிதான். ஆனால் அடியில் என்ன போனது என்று ஒரு வரி கிடையாது. 2017இல் நம் நாட்டிலேயே இழுவைமடித் தொழிலைத் தடை செய்து சட்டம் வந்ததற்கு இந்த அடிநில நாசம்தான் பெரிய காரணம். பிடிபட்ட மீனை நிறுத்து விலை போடலாம், கிழிந்த வலைக்கு நட்டஈடு கேட்கலாம், பொரிக்காமல் போன சங்குக்கு எந்தக் கந்தோரில் போய் முறைப்பாடு எழுதுவது?

அதே நேரம் எல்லாப் பழியையும் அக்கரைக்காரர் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது. எங்கள் பக்கத்தில் கணவாய் பிடிக்கக் கம்பிக் கூடு (பொறி) வைப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும். கூட்டைத் தூக்கும்போது கம்பியிலும் கயிற்றிலும் உள்ளே கட்டிய குழையிலும் வெள்ளை வெள்ளையாக விரல் அளவில் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்குமே, அதுதான் கணவாயின் முட்டை. ஒவ்வொரு விரலுக்குள்ளும் சில முட்டைகள் வரிசையாக இருக்கும். ஓட்டுக்கணவாய் தனித்தனி முட்டையாக ஒட்டும், சில வகை அதில் மையும் பூசிவிடும். எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய் என்றால் தாய் பக்கத்திலேயே கிடந்து முட்டையைக் காக்கும், மற்றக் கணவாய்கள் இட்ட கொஞ்ச நாளில் செத்துவிடும். முட்டையின் மேலுள்ள அந்த வழுவழுப்பான தோல் ஒன்றுதான் பிறகு பாதுகாப்பு. அதைக் கூட்டிலிருந்து வழித்துக் கரை மணலில் எறிகிறோம், வெயிலில் காய்ந்துபோகிறது. பிறகு கணவாய் குறைந்துவிட்டது என்று வாடியில் இருந்து கதைக்கிறோம்! அந்தக் குழையை வெட்டி, ஒரு கல்லைக் கட்டி, சாதாளை (கடற்புல்) உள்ள ஆழமில்லாத இடத்தில் திரும்பப் போட்டுவிட்டால் போதும், இரண்டு மூன்று கிழமையில் அது பாட்டுக்குப் பொரித்துவிடும். காசு செலவு இல்லாத வேலை. கடற்றொழிலாளர் சங்கங்கள் கூட்டத்தில் ஒருமுறை சொன்னாலே பலர் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளுக்கும் எழுதுங்கள். வற்றுக்கடலில் வளையமாக, மணலும் பசையும் சேர்ந்து இறுகின ஒரு தகடு கிடக்கும், உடைந்த பிளாஸ்டிக் துண்டு என்று காலால் தட்டிவிட்டுப் போவார்கள், அது ஒரு வகை நத்தையின் முட்டை வளையம். காட்டோரத்துப் பிள்ளைகள் பாலை மரக் கொப்பில் கும்பிடுபூச்சியின் முட்டைக் கூட்டைத் தேடலாம், இடும்போது நுரை, காற்றுப் பட்டதும் இறுகிவிடும். எதுவுமே கிடைக்காதவர்கள் குசினி அலுமாரிக்குப் பின்னால் பார்க்கட்டும், கரப்பான் கழற்றிவிட்டுப் போன மண்ணிற முட்டைப் பை கட்டாயம் இருக்கும் (மருந்து அடித்தும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்பவர்களுக்கு, மருந்து அந்தப் பைக்குள் சரியாகப் போவதில்லை).

உங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை இழுவைப் படகுச் செய்திக்கு வரும்போது சங்கு குளிப்பவர் ஒருவரிடமும் பேசுங்கள். முன்பு எங்கே எத்தனை பாகம் ஆழத்தில் சங்கு எடுத்தார், இப்போது அங்கே மணலில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அதையும் செய்தியோடு சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
கூடு வைக்கும் குடும்பத்து வாசகி,
பூநகரி