கடிதங்களைக் கத்தரிக்கும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் வணக்கம்.

கடந்த நூற்றாண்டுகளின் கடிதத் தொகுப்புகளை இப்போது பல பகுதிகளை வெட்டிச் சுருக்கியே மறுபதிப்புச் செய்கிறீர்கள் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அண்மையில் வெளிவந்த அத்தகைய தொகுப்பொன்றை ஆவலோடு வாங்கிப் படித்து முடித்ததன் விளைவே இம்மடல். பக்கத்துக்குப் பக்கம் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள். ஓரிடத்தில், தாய் சொன்னபடியே செய்துவிட்டதாகவும் இனி அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்றும் மகள் பதில் எழுதுகிறாள். அப்படி என்னதான் சொன்னாள் தாய் என்று முந்தைய கடிதத்தைப் புரட்டினால், அங்கே அதே மூன்று புள்ளிகள். அன்றாடக் குடும்பச் செய்திகள் நீக்கப்பட்டுள்ளன என்று முன்னுரை பெருமையோடு அறிவிக்கிறது. இருவருக்கும் இடையில் நடந்த ஒரே சச்சரவு, நூலைக் கையில் வைத்திருக்கும் எனக்கு மட்டும் தெரியாமலே போயிற்று.

ஐயா, அந்த அன்றாடச் செய்திகளுக்காகத்தானே பிறருடைய பழைய கடிதங்களை வாசிக்கிறோம்? போரும் முடிசூட்டும் வரலாற்று நூல்களில் கிடைக்கும். பல்வலி, வராத பணம், தாமதமான வண்டி, அண்டை வீட்டார் மீதான புகார் ஆகியவை கடிதத்தில்தான் கிடைக்கும். எழுதுகிறவருக்கு மறுநாள் நடக்கப்போவது தெரியாது, நமக்கோ தெரியும். அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒருவர் சாதாரணமாக எழுதும் வரியில், அவர் வரவே போவதில்லை என்று அறிந்த வாசகருக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த வரியைத்தான் நீங்கள் முக்கியமற்றது என்று முதலில் நீக்குகிறீர்கள்.

ஓவியர் வான்கோ தம் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் பல, உறையில் வந்த 50 பிராங்க் தாளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகின்றன. உங்கள் கத்தரிக்கோலுக்கு அது கூறியது கூறல். அடுத்தடுத்த கடிதங்களில் அந்த நன்றியைப் படித்துக்கொண்டே வரும்போதுதான், அந்த ஓவியங்கள் யாருடைய பணத்தில், எத்தனை கூச்சத்தோடு தீட்டப்பட்டன என்பது உறைக்கிறது. அருள்கூர்ந்து கடிதங்களை முழுமையாக அச்சிடுங்கள்.

இந்த வெட்டு வேலை புதிதன்று என்பதும் தாங்கள் அறிந்ததே. பிரான்சின் செவிஞே சீமாட்டி 17ஆம் நூற்றாண்டில் தம் மகளுக்கு எழுதிய கடிதங்களை, 18ஆம் நூற்றாண்டில் பெர்ரேன் என்பவர் குடும்பத்தினரின் விருப்பப்படி நறுக்கியும் மெருகேற்றியும் வெளியிட்டார். 1873இல் பழம்பொருள் கடையொன்றில் ஒரு கையெழுத்துப் படி கிடைத்த பிறகே, அக்கடிதங்கள் பலவற்றின் மூலத்துக்கு நெருக்கமான வாசகம் தெரியவந்தது. பெர்ரேனுக்காவது குடும்ப மானம் என்ற காரணம் இருந்தது. உங்களுக்கு இருப்பது பக்கக் கணக்கு.

அந்தப் பக்கக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் 1840க்கு முன்பு தாள்களின் எண்ணிக்கைக்கும் தொலைவுக்கும் ஏற்ப அஞ்சல் கட்டணம் வசூலிக்கப்பட்டது. பெரும்பாலும் பெறுபவரே அதைச் செலுத்தினார். அதனால் எழுதி முடித்த தாளைப் பக்கவாட்டில் திருப்பி, முதல் வரிகளின் குறுக்கே மேலும் எழுதினார்கள். இரண்டாவது தாளுக்கு வழியில்லாமல், கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவர்கள் நுழைத்துவைத்த செய்திகளை, தாளுக்குப் பஞ்சமில்லாத காலத்தில் நீங்கள் வெளியே எடுத்துப் போடுகிறீர்கள். ஆனால் வழுவழுப்பான அட்டைக்கும், ஒரு பக்கம் முழுவதும் ஒற்றைப் பொன்மொழியைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதற்கும் தாள் தாராளமாகக் கிடைக்கிறது. இப்படியே போனால் அடுத்த பதிப்பில் பொன்மொழிகள் மட்டும் மிஞ்சும், நாட்காட்டியில் ஒட்டிக்கொள்ளலாம்.

கோபத்தில் சற்று நீண்டுவிட்டேன், பொறுத்தருள்க. வேண்டுகோள் ஒன்றே: அடுத்த அச்சில் கடிதங்களை விளிப்பு முதல் பின்குறிப்பு வரை முழுமையாக வெளியிடுங்கள். செலவு தாங்காது எனில், இரண்டு தொகுதிகளாகப் பிரித்து விலை வையுங்கள், வாங்கிக்கொள்கிறோம். அதுவும் இயலாதெனில், ‘சுருக்கப் பதிப்பு’ என்று முன்னட்டையிலேயே படிக்கும் அளவுக்கான எழுத்தில் அச்சிட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நூல்களை விலை கொடுத்து வாங்கும் வாசகன்