பழி இரும்பின் மேல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிபாளையம் பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கோவைப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் ஒரு தம்பி, புதிதாகப் போட்ட பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) தடத்தில் நான்கே நாளில் விரிசல் விட்டுவிட்டதாகவும், உள்ளூர் வார்ப்பு என்றால் இப்படித்தான் என்றும் சொல்லியிருந்தார். அந்த வரியைப் படித்த பிறகு கையிலிருந்த காப்பி எனக்கு இறங்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளாக இந்த ஊர் வார்ப்பிரும்பைக் கடைந்து சோறு தின்கிறவன் நான். முதல் பதினோரு ஆண்டுகள் ஒரு பவுண்டரியின் மெஷின் ஷாப்பில். அதன்பின் கணபதியில் சொந்தமாக இரண்டு லேத். கடிதம் சற்று நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாளில் விரிந்த டிஸ்க் ஒன்று என் பட்டறை மேசைக்கும் வந்தது. கொண்டுவந்தவன் என் தங்கை மகன். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு பார்க்கிறவன். ஞாயிறானால் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு செட்டிபாளையம் போய்விடுவான். சாக்குப் பையிலிருந்து இரண்டு முன் டிஸ்க்குகளை எடுத்து வைத்து, "மாமா, இதைக் கொஞ்சம் கடைந்து சரி செய்து கொடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்றான். டிஸ்க்கின் முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. அழகுக்காகத் துளையிட்ட வகை. ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு விரிசல் ஓடி, ஓரிடத்தில் வெளி விளிம்பையே தொட்டிருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாட்டியது.

கனம் அளக்கும் மைக்ரோமீட்டரை வைத்தேன். 19.4 மில்லிமீட்டர். டிஸ்க்கின் விளிம்பைத் துடைத்தால், குறைந்தபட்சக் கனம் 20 என்று வார்ப்பிலேயே எழுதியிருக்கிறது. புதிதில் 22. ஆக, இரண்டு மில்லிமீட்டர்தான் தேய்மானத்துக்கு விட்ட இடம். அதற்கும் கீழே போய்விட்டது. "நான்கு நாளில் இவ்வளவு தேயாதே, யார் கை வைத்தது?" என்று கேட்டேன். ஸ்டியரிங் ஆடுகிறது என்று அதற்கு முந்தின மாதம் ஒரு பட்டறையில் கொடுத்துக் கடைந்தானாம். அவர்கள் விளிம்பில் இருந்ததைப் படிக்கவில்லை. பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம், தொழில் செய்கிறவர்கள்.

22 மில்லிமீட்டர் என்றதும் அத்தனையும் இரும்பு என்று பலர் நினைக்கிறார்கள். முன் டிஸ்க் என்பது இரண்டு தட்டுகள். ஒவ்வொன்றும் ஏழு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நடுவில் காற்று ஓடுவதற்காகத் தடுப்பு வைத்த இடைவெளி. சூட்டை வாங்கிக்கொள்ளும் பதினான்கு மில்லிமீட்டரில் இரண்டைச் சீவி எடுத்தால் ஏழில் ஒரு பங்கு போயிற்று. சட்டியின் அடி மெலிந்துவிட்டது, அடுப்பு மட்டும் அதே அடுப்பு.

அந்த அடுப்பு எவ்வளவு பெரியது என்பதில்தான் கட்டுரையில் பேசிய தம்பியும் என் மருமகனும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூடக் கணக்குதான். வேகம் இரட்டித்தால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. அவிநாசி சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிக்னலில் நிற்கிறீர்கள். அதில் பிரேக் வாங்கும் சூடு ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தடத்தில் 120-இல் வந்து வளைவுக்காக 60-க்குக் குறைக்கிறீர்கள். வண்டி நிற்கக்கூட இல்லை, ஆனால் சூடு மூன்று பங்கு. ஓட்டுகிறவரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சின்னக் காருக்கு அந்த ஒரு மிதியில் 450 கிலோஜூலுக்கு மேல் வருகிறது. அதில் பத்துக்கு ஏழு பங்கை முன் சக்கரங்கள் இரண்டும் சுமக்கின்றன. நான்கு கிலோ எடையுள்ள டிஸ்க் என்றால் ஒரே மிதியில் 80 டிகிரி அளவுக்குச் சூடு ஏறும்.

சாலையில் அடுத்த சிக்னல் வருவதற்குள் காற்று பட்டு ஆறிவிடும். செட்டிபாளையம் தடத்தின் மொத்த நீளமே 2.1 கிலோமீட்டர். இருபது எண்ணுவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். ஏறியது இறங்குமுன் மேலும் ஏறும். சில சுற்றுகளில் 500 டிகிரியைத் தொட்டால் வியப்பில்லை. 600-ஐ நெருங்கினால் அந்தி வெளிச்சத்தில் டிஸ்க் மங்கலாகச் சிவந்து தெரியும். நானே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே டிஸ்க் விற்கிறவர் கடையில் சொல்லும் கிலோமீட்டர்க் கணக்கு தடத்தில் செல்லாது. அங்கே அதன் வயதை, எத்தனை முறை இப்படிக் காய்ந்து ஆறியது என்று எண்ண வேண்டும்.

"இன்னும் கெட்டியான இரும்பில் வார்க்கக் கூடாதா?" என்று என் மருமகனும் கேட்டான், படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். கூடாது. சாம்பல் வார்ப்பிரும்பை உடைத்துப் பாருங்கள், உடைந்த முகம் பென்சில் முனைபோல் மங்கிய கறுப்பாக இருக்கும். அது கிராஃபைட். இரும்புக்குள் செதில் செதிலாகப் படிந்திருக்கும். சூட்டை உள்ளுக்கு இழுத்துப் பரப்புவதும், பிரேக்கின் கிறீச்சொலியை அடக்குவதும் அந்தச் செதில்கள்தான். சுத்தியலால் தட்டினால் மந்தமாக ஒலிக்கும். அதே கிராஃபைட் உருண்டையாக இருக்கும் எஸ்.ஜி. இரும்பு மணிபோல் ஒலிக்கும். அது வலுவானது, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிபர் வார்ப்பதற்கு நல்லது. டிஸ்க்குக்கு வலுவை விடச் சூட்டைக் கடத்தும் குணம் முக்கியம். அதற்குக் கொடுக்கும் விலை, செதில் இரும்பு இழுவிசையைத் தாங்காது. மேல்முகம் சூட்டில் விரியப் பார்க்கும், உள்பக்கம் விடாமல் பிடித்து நசுக்கும்; ஆறும்போது நசுங்கிய மேல்முகம் சுருங்கி இழுபட, தலைமுடிபோல் கீறல்கள் விழும். தடத்தில் ஓடும் எந்த டிஸ்க்கிலும் அந்த மெல்லிய கீறல்கள் இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். நகம் மாட்டினாலோ விளிம்புக்கு ஓடிவிட்டாலோ அன்றோடு அதைக் கழற்றிவிட வேண்டும்.

துளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கை இருபுறமும் அழுத்தி உரசும் கட்டைகளைப் பேடு என்போம். அந்தக் காலத்துப் பேடுகள் சூட்டில் நிறைய வாயு விடும். அது வெளியேறத் துளை உதவியது. இன்றைய பேடுகளுக்கு அது பெரும்பாலும் நகைதான். விரிசல் பிறப்பது துளையின் உதட்டில். வரி வெட்டிய டிஸ்க் பரவாயில்லை, தூசியையும் வழித்துவிடும். என்னைக் கேட்டால் வெறும் முகமே போதும்.

இரும்பைப் பழக்காமல் தடத்துக்குக் கொண்டுபோவது அடுத்த தவறு. நம் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். புதுத் தோசைக்கல்லை வாங்கி வந்த அன்றே மாவை ஊற்றினால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவி, காயவைத்து, ஆறவைத்து, மறுபடி காயவைப்பார்கள். புது டிஸ்க்கும் புதுப் பேடும் அப்படித்தான். ஆளில்லாத சாலையில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை படிப்படியாக அழுத்திக் குறைத்து, முற்றிலும் நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேடின் பொருள் மெல்லிய பூச்சாக டிஸ்க்கில் சீராகப் படியும். அது திட்டுத் திட்டாகப் படிந்தால் ஸ்டியரிங் ஆடும். உடனே "டிஸ்க் வளைந்துவிட்டது" என்பார்கள். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வளைந்திருக்காது. என் மருமகன் ஐந்து சுற்று பறந்துவிட்டு நேராக வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் வந்து, பிரேக்கை மிதித்தபடியே நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். கொதிக்கும் டிஸ்க்கில் பேடின் அச்சு அப்படியே பதிந்துவிட்டது. அதன்மேல் மறுபடி கடுஞ்சூடு ஏறினால் அந்த இடத்தில் இரும்பே இறுகிப்போகும். லேத்தில் ஏற்றினால் சீவும் டூல் அங்கே வந்ததும் துள்ளும், கையில் தெரியும். மேலே சீவி எடுத்தாலும் கீழே மிச்சம் இருக்கும். சில நாளில் ஆட்டம் திரும்பிவிடும்.

கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி வா, வந்தபின் கை பிரேக் போடாதே, சக்கரத்துக்குக் கட்டை வை என்று சொல்லி அனுப்பினேன். தண்ணீர் அடிக்காதே என்றும் சொன்னேன். காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவன் அம்மாவுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. வேறு துளையில்லாத டிஸ்க் வாங்கச் சொன்னேன். தடத்துக்கான பேடைத் திருப்பூர் போய்வரும் வண்டியில் நிரந்தரமாக வைத்திருந்தான்; அதையும் மாற்றினேன். சூடேறினால்தான் அது ஒழுங்காகப் பிடிக்கும், குளிர்ந்திருக்கும்போது டிஸ்க்கை அரம் போல் அராவும். இப்போது பதினோரு ஞாயிறுகள் ஓட்டிவிட்டான். போன வாரம் அளந்தேன், 21.1. அதுவும் கோவை வார்ப்புதான்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மேட்டுப்பாளையம் டாக்சிக்காரர் ஒருவர், புது டிஸ்க் வாங்கக் கையில் பணமில்லை, மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும் என்று நின்றார். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே கடைந்து கொடுத்தேன். குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியாறுக்கு மேலே அவருக்குப் பெடல் அடிவரை போய்விட்டது. மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காமல் கேலிபருக்குத் தள்ள, பழைய பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. டாட் 4 என்னும் வகை பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசானால் 155-க்கே கொதிக்கலாம் என்பதை அதன் பிறகுதான் படித்தேன். முதல் கியரும் கை பிரேக்கும் அவரைக் காப்பாற்றின. அவர் என்னைத் திட்டவே இல்லை, அடுத்த தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்தார். அன்றிலிருந்து விளிம்பைத் துடைத்துப் படிக்காமல் எந்த டிஸ்க்கையும் லேத்தில் ஏற்றுவதில்லை.

அந்தத் தடமே இந்த ஊர்ப் பட்டறைகளின் பிள்ளை என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரி எழுதியிருக்கலாம். மாருதி 800 எஞ்சினை வைத்து இங்கேயே பந்தயக் கார் கட்டிய கரிவரதனின் பெயரைத்தான் அது தாங்கியிருக்கிறது. அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். தடம் 2003-இல் வந்தது. 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் கோவைப் பிள்ளைதான். அந்த வண்டியின் டிஸ்க் கார்பன், இரும்பே கிடையாது. குளிர்ந்திருந்தால் ஒழுங்காகப் பிடிக்காது. காலையில் வீட்டு வாசலிலிருந்து எடுத்தவுடன் பிடிப்பது நம் சாம்பல் இரும்பு.

கட்டுரையில் பேசிய தம்பிக்கு இதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். விரிந்த டிஸ்க்கைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். என் பட்டறைக்கு எடுத்து வரட்டும். அளந்து, குறுக்கே அறுத்து, அவர் கண்ணெதிரில் பார்ப்போம். உள்ளே புளோ ஹோலோ (வாயு தங்கிய ஓட்டை) மணலோ இருந்தால் குறை வார்ப்பில்தான். அதையும் என் கைப்பட எழுதித் தங்களுக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி வரை பட்டறையில் இருப்பேன். அன்று லேத் ஓடாது, சத்தமில்லாமல் பேசலாம்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறைக்காரர் ஒருவர்,
கணபதி, கோயம்புத்தூர் – 6.