மஸ்கட்டில் இருக்கும் தம்பிக்கு

தம்பி,

போன வாரம் வீடியோ காலில் உன் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். தூக்கம் இல்லை என்றாய், சரி என்று விட்டோம், அப்புறம் நீ போனையே எடுக்கவில்லை. இங்கே கோத்தகிரியில் சீசன் கூட்டம் வடிந்துவிட்டது, பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, சின்ன அத்தை வீட்டுக் கல்யாணம் ஆவணியில். அதெல்லாம் இருக்கட்டும்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பை ஓரத்தில் டைக்ளோபினாக் வலி மாத்திரை அட்டை ஒன்று காலியாகவும் இன்னொன்று பாதியாகவும் கிடந்தது. கேட்டால் கோபப்படுவாய் என்று கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரன் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்.

மாயாற்றுப் பக்கம் பார்த்தோமே பாறுக் கழுகுகள், அந்த இனம் நாடு முழுக்க ஏன் கொத்துக்கொத்தாகச் செத்தது தெரியுமா? இதே மருந்து போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று, சிறுநீரகம் கெட்டு. 2006-இல் மாட்டுக்குப் போடத் தடையே வந்தது. நீ கழுகு இல்லை, எப்போதாவது ஒன்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சுரப்பு இருக்கிறது, வலி மாத்திரை அதைத்தான் அமுக்கும். நீ நிற்பதோ அந்த ஊர் வெயிலில், குடிப்பதோ கோத்தகிரிக் குளிரில் பழகிய அரை டம்ளர். கூடவே போன வருஷம் ஆரம்பித்த பிரஷர் மாத்திரை. மூன்றும் சேர்வதுதான் எனக்குப் பயம். அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. தண்ணீர் குடி.

அந்த ஜிம் டப்பாவில் கிரியேட்டின் இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு, கூடிக் காட்டலாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு. விட்டமின் சி-யைக் கிராம் கணக்கில் விழுங்காதே, சிறுநீரகத்தில் கல் வரலாம்.

அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிள்ளை என்று கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள், கேட்கச் சந்தோஷம்தான். போனை எடுக்காத பிள்ளை என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

சிறுநீரகத்தில் வலியே இல்லையே என்றுதான் பெரியப்பாவும் சொன்னார். அப்புறம் வாரா வாரம் கோயம்புத்தூருக்கு மலை இறங்கியது உனக்கே தெரியும். கண் வீங்குவது தூக்கம் கெட்டாலும் இருக்கும், யூரினில் புரதம் போனாலும் இருக்கும், பார்த்துத்தானே சொல்ல முடியும்? வெள்ளிக்கிழமை லீவு விட்டதும் மறுநாளே யூரினில் அல்புமின் என்ற அந்தப் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் இரண்டும் எடு. தண்ணீர் குடி. ரிசல்ட்டை என் நம்பருக்கு அனுப்பு, அம்மா போனுக்கு வேண்டாம்.

அப்பா