ஈட்டா கரினே: உச்சியில் ஏன் தட்டை?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். புதுச்சேரியில் மழை விட்டதா?

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். ஈட்டா கரினே என்ற இரட்டை விண்மீனை நாசாவின் ஸ்விஃப்ட் விண்வெளித் தொலைநோக்கி பார்த்த தரவில் எக்ஸ் கதிர் ஏறிக்கொண்டே போய் உச்சியில் தட்டையாகிவிடுகிறதே என்று கேட்டிருந்தாய். விண்மீனைச் சந்தேகிக்கும் முன் கருவியைச் சந்தேகி. அந்தத் தொலைநோக்கியின் சிசிடி (கதிரை மின்குறிப்பாக மாற்றும் சில்லு), படமெடுக்கும் முறையில் 2.5 விநாடிக்கு ஒருமுறைதான் படிக்கப்படுகிறது. அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான் (ஒளித்துகள்) விழுந்தால், இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒன்றாக எழுதிவிடும். எண்ணிக்கை குறையும், நிறமாலை பொய்யாகக் கடினமாகும், அதாவது அதிக ஆற்றல் பக்கம் சாயும். விநாடிக்கு 0.5 எண்ணிக்கையைத் தாண்டினாலே இதைக் கவனிக்க வேண்டும். மையத்தில் சில பிக்சல்களை வெட்டிவிட்டுச் சுற்றுவளையத்தை மட்டும் எடு. ஒரு பிக்சல் 2.36 வில்விநாடி. வெட்டியதற்கு ஏற்றபடி ஏற்புப்பரப்புக் கோப்பையும் (கருவி எவ்வளவு கதிரைப் பிடிக்கிறது என்று சொல்லும் கோப்பு) புதிதாக உருவாக்கு. இதை மறந்தால் பிரகாசம் குறைவாகவே வரும். பலர் சறுக்கும் இடம் இதுதான்.

இன்னொரு வம்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி. ஈட்டா கரினே இப்போது ஏறத்தாழ 4-ஆம் ஒளியளவு. அந்த ஒளியும் சிசிடியில் எலக்ட்ரான்களைக் கொட்டி, எக்ஸ் கதிரின் ஆற்றலை இடம்பெயர்க்கும். வேகமாகப் படிக்கும் ஒருபரிமாண முறையில் இந்த இரண்டு தொல்லையும் வெகுவாகக் குறையும், ஆனால் படம் கிடைக்காது. விண்மீனைச் சுற்றியுள்ள நெபுலா என்னும் வாயு மேகமும் கலந்துவிடும். நெபுலாவின் கதிர் மென்மையானது, மாறாதது. ஆகவே 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் வைத்துக்கொள். சூரிய மையத்துக்கு நேரத்தைத் திருத்துவதில் நேரம் வீணாக்காதே; இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று சுற்றிவரும் 2022.7 நாள் சுற்றுக்குச் சில நிமிடங்கள் பொருட்டே இல்லை.

அந்தச் சுற்று சுமார் 5.5 ஆண்டு என்று 1996-இல் நிறமாலைக் கோடுகளிலிருந்து சொன்னவர் பிரேசிலின் அகஸ்டோ டமினெலி. இரண்டில் பெரிய விண்மீனிலிருந்து வீசும் வாயுக்காற்று விநாடிக்குச் சுமார் 420 கிலோமீட்டர். அது மோதினாலும் சில பத்து லட்சம் கெல்வின்தான், மென்கதிரோடு சரி. துணை விண்மீனின் காற்றோ சுமார் 3000 கிலோமீட்டர். கோடிக்கணக்கான கெல்வின் வெப்பமும் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் நிற்கும் இரும்புக் கோடும் அதனால் வருபவை. சுற்றுப்பாதை மிகவும் நீண்டது, நீள்மை ஏறத்தாழ 0.9. இரண்டும் நெருங்கும்போது கதிர் ஏறி, துடித்து, இரண்டொரு வாரத்தில் அடிமட்டத்துக்கு விழுகிறது. குறுக்கே வரும் தடித்த காற்று மறைப்பது ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் வைத்து முடித்துவிட முடியாது. இரண்டு காற்றும் மோதும் முகப்பே தளர்ந்து குளிர்வதாகவும் தெரிகிறது. 2009-இல் கதிரின் மீட்சி முந்தைய இரண்டு முறையைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாக வந்தது, 2020-இல் இன்னும் விரைவு. வெறும் மறைப்பு என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீடித்திருக்க வேண்டாமா?

2020-க்கு அடுத்த நெருக்கம் கணக்குப்படி 2025 ஆகஸ்டு கடைசியில் வந்தது. அந்த நாட்களில் விண்மீன் நண்பகலில் தன் அதிகபட்ச உயரத்துக்கு வந்து மாலை 5 மணிவாக்கில் நம் தொடுவானத்தில் மறைந்தது. தரையிலிருந்து நமக்குப் பயனில்லாமல் போனது. சூரியனிலிருந்து சுமார் 70 டிகிரி விலகியிருந்ததால் ஸ்விஃப்டுக்கு மட்டும் அது தாராளமாகப் பார்க்கக்கூடிய இடம். நமக்கு ஏப்ரல் நடுப்பகுதிதான் வாகு. இரவு 9 மணிவாக்கில் தெற்கே சுமார் 18 டிகிரி உயரத்தில் நிற்கும். சில்வர் பீச்சில் நின்றால் கிழக்கே கடல், ஆனால் தெற்கே துறைமுக விளக்குகள். உப்புப்புகையும் சேரும். ஒளி கடந்துவரும் வளிமண்டலத்தின் தடிப்பு தலைக்கு நேர் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு, ஆகவே ஒப்பீட்டு விண்மீனை அதே உயரத்தில் தேர்ந்தெடு. அளக்கும் வட்டத்தையும் எல்லா இரவும் ஒரே அளவாக வை. நெபுலாவின் பங்கு மாறக்கூடாது.

மையத்தை வெட்டிய பிறகு வரும் எண்களை அனுப்பு. வெட்டிய பிக்சல் எத்தனை என்பதையும் எழுது, நானும் இங்கே ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
பாலு